சுவீடனிலிருந்து வந்தவருக்குக் காலில் புண், கவட்டில் நெறி: துலரீமியாவாக இருக்குமா?

வெள்ளவத்தை_ஜீபி

வணக்கம் டொக்டர்மார். நல்லூர்த் திருவிழாவுக்காகச் சுவீடனிலிருந்து வந்தவர், 46 வயது ஆண், 70 கிலோ. யாழ்ப்பாணம் போகுமுன் வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறார். விமானம் ஏற நான்கு நாளுக்கு முன் டாலர்னா பக்கத்துக் காட்டில் புளூபெரி பறித்திருக்கிறார், கால் முழுக்க நுளம்புக்கடி. கொழும்புக்கு வந்த இரண்டாம் நாள் 39.5 பாகை காய்ச்சல், நடுக்கம், தலையிடி. வலது கணுக்காலுக்கு மேலே ஒரு கடி கொப்பளித்து உடைந்து 1 செ.மீ. புண்ணாகி இருக்கிறது. விளிம்பு தடித்து, நடுவில் கறுத்த பொருக்கு. வலது கவட்டில் 3 செ.மீ. நெறி (வீங்கிய நிணநீர்க் கணு), தொடவே விடுகிறார் இல்லை.

டெங்கு என்எஸ்1 நெகட்டிவ். வெள்ளையணு 11,000, பிளேட்லெட் சாதாரணம், சிஆர்பி (அழற்சியைக் காட்டும் இரத்த அளவு) 90. கோ-அமொக்சிக்ளாவ் 625 மி.கி. மூன்று வேளை ஐந்து நாள் கொடுத்தாயிற்று, காய்ச்சல் இறங்கவில்லை. சேர்ஜன் நெறியைக் கீறிவிடலாம் என்கிறார். பொருக்கைப் பார்த்தால் ஸ்க்ரப் டைபஸ் (சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல்) நினைவு வருகிறது, பயணத்தைப் பார்த்தால் துலரீமியா (நுளம்பு, உண்ணி, கெட்ட நீர் மூலம் தொற்றும் பக்டீரியா நோய்). எதை உறுதிப்படுத்துவது, எந்த மருந்தைத் தொடங்குவது?

உள்மருத்துவம்_கொழும்பு8

முதலில் கத்தியை நிறுத்தச் சொல்லுங்கள். துலரீமியா நெறியை மருந்து தொடங்குமுன் கீறினால் மாதக்கணக்கில் ஆறாத சீழ்வாய் மிஞ்சும், சத்திரசிகிச்சைத் தியேட்டரில் நிற்பவர்களுக்கும் ஆபத்து.

அடுத்தது நாட்கணக்கு. ஸ்க்ரப் டைபசுக்குக் கடிபட்டுக் காய்ச்சல் வரக் குறைந்தது ஆறு நாள் வேண்டும். இவருக்கு இலங்கையில் இரண்டாம் நாளே காய்ச்சல். அந்த நோய் சுவீடனில் இல்லை. ஆகவே பொருக்கு எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் கணக்கு ஒத்துவராது. டெங்குவுக்கும் மூன்று நாளாவது தேவை. துலரீமியாவின் இடைக்காலம் பெரும்பாலும் 3 முதல் 5 நாள், சிலரில் 14 நாள் வரை போகும். நான்கு நாளும் இரண்டு நாளும் ஆறு, அச்சாகப் பொருந்துகிறது.

புண்ணின் தன்மையும் அதைத்தான் சொல்கிறது. ஸ்க்ரப் டைபஸ் பொருக்கு வலிக்காது, நோயாளிக்கே தெரியாமல் அக்குளிலோ கவட்டிலோ ஒளிந்திருக்கும், நெறியும் இந்த அளவுக்கு நோகாது. துலரீமியாவில் புண்ணைவிட நெறிதான் பெரிய தொல்லை. ஸ்டஃபிலோகோக்கஸ், ஸ்ட்ரெப்டோகோக்கஸ் புண்ணாக இருந்தால் ஐந்து நாள் கோ-அமொக்சிக்ளாவுக்கு ஏதாவது அசைந்திருக்கும். துலரீமியாக் கிருமி பீட்டா-லாக்டமேஸ் (பென்சிலின் வகை மருந்துகளை உடைக்கும் நொதி) சுரக்கும். பென்சிலினும் சரி, செஃப்ட்ரியாக்சோனும் சரி, நோயாளியில் வேலை செய்யாது. வார்டில் சேர்த்தவுடன் பழக்கத்தில் செஃப்ட்ரியாக்சோன் போட்டு மூன்று நாள் காத்திருப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

கவட்டு நெறி என்பதால் பாலியல் வரலாறு கேளுங்கள், உறவினர் இல்லாத இடத்தில். சிபிலிஸ், எச்ஐவி பரிசோதனை அனுப்புங்கள். பூனை பிராண்டியதா என்பதும் ஒரு கேள்வி. மார்பு எக்ஸ்ரே கட்டாயம்: இருமல் இல்லாமலே இரத்தம் வழியாக நுரையீரலுக்குப் பரவியிருக்கலாம்.

பயணக் கேள்வியைத் திருவிழாக் காலம் முழுவதும் எல்லாரிடமும் கேட்பது நல்லது, ஏனென்றால் எங்கள் சனம் போயிருக்கும் நாடுகளில் பல இந்த நோய் உள்ளவை, நாட்டுக்கு நாடு முகம் வேறு. சுவீடன், பின்லாந்தில் கோடை முடிவில் நுளம்பு மூலம் புண்ணும் நெறியும். நோர்வேயில் லெமிங் எலிகள் கெடுத்த கிணற்று, ஓடை நீர் குடித்துத் தொண்டை நோவும் கழுத்து நெறியும். பென்சிலினுக்கு அடங்காத ஒருபக்க டான்சில் என்று வருவார்கள். சுவிட்சர்லாந்தில் உண்ணிக்கடி. கனடா, அமெரிக்காவில்தான் வீரியம் கூடிய ஏ வகை உண்டு: சிகிச்சையின்றி விட்டால் 100 பேரில் 5 முதல் 15 பேர் வரை இறக்கலாம். ஐரோப்பாவின் பி வகையில் மரணம் மிக அரிது.

தட்டும்_குச்சியும்

ஆய்வுகூடப் பக்கத்திலிருந்து. மாதிரி வந்து சேருமுன் தொலைபேசி வர வேண்டும். விண்ணப்பத்தில் "துலரீமியா சந்தேகம், சுவீடன் பயணம்" என்று பெரிதாக எழுதுங்கள். "காய்ச்சல், நெறி" என்று மட்டும் எழுதினால் கிருமி வளர்க்கும் தட்டை மேசையில் திறந்து வைத்து வேலை செய்வோம். 10 முதல் 50 கிருமி மூச்சில் போனாலே நோய் வரக்கூடிய சாமான் இது. வளர்ந்த கிருமியைக் கையாள மூன்றாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு வேண்டும். நோயாளியின் மாதிரியை மட்டும் இரண்டாம் நிலையில், பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துச் செய்யலாம்.

எடுக்க வேண்டியவை: பொருக்கைத் தூக்கி அதன் அடியிலிருந்து ஸ்வாப், நெறியிலிருந்து ஊசியால் உறிஞ்சியது, இரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்ப்பு), 5 மி.லி. சீரம். ஊசியால் உறிஞ்சுவது வேறு, கீறுவது வேறு, முதலாவது செய்யலாம். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர்தான் வேகமான விடை, மருந்து தொடங்கிய பிறகும் சில நாளுக்குப் பொசிட்டிவ் ஆகும். ஸ்வாப், உறிஞ்சிய மாதிரி இரண்டிலும் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள். எங்கே அனுப்புவது என்பதை பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தின் நுண்ணுயிரியல் நிபுணரிடம் கேட்டு முடிவெடுங்கள், தொற்றுநோயியல் பிரிவுக்கும் ஒரு சொல் போடுங்கள்.

கல்ச்சரில் ஏமாறும் இடங்கள் பல. கிருமிக்கு சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வேண்டும். சாக்லேட் அகார் என்ற வளர்ப்பூடகத்தில் வளரும், செம்மறி இரத்த அகாரில் தயங்கித் தயங்கி வரும், மக்கோன்கி அகாரில் வராது. 24 மணியில் ஒன்றும் தெரியாமல் 48 மணியில் 1 மி.மீ. சாம்பல் பொட்டாகத் தெரியலாம், ஆகவே தட்டை வழக்கம்போல் இரண்டு நாளில் வீசாமல் 10 முதல் 14 நாள் வைத்திருங்கள். கிராம் சாயத்தில் மிகச் சிறிய, மங்கிய இளஞ்சிவப்புத் தூசி. ஒக்சிடேஸ் நெகட்டிவ், யூரியேஸ் நெகட்டிவ், கட்டலேஸ் மெலிதாகப் பொசிட்டிவ். புருசெல்லா என்றால் முதல் இரண்டும் பொசிட்டிவ். தானியங்கி இயந்திரத்தில் போட வேண்டாம்: ஹீமோஃபிலஸ் என்று பிழையாகப் பெயர் சொல்லும், நடுவில் ஏரோசோலும் (காற்றில் மிதக்கும் நுண்துளிகள்) கிளம்பும். தட்டை மூக்கருகே கொண்டுபோய் மணக்கும் பழைய பழக்கம் இங்கே அறவே கூடாது.

சீரம் பற்றி: பிறபொருளெதிரி தெரிய இரண்டு வாரம் ஆகும். இப்போது நெகட்டிவ் வந்தால் அதை வைத்து நோயை ஒதுக்காதீர்கள். முதல் சீரத்தை உறைய வைத்து, 2 முதல் 4 வாரம் கழித்து எடுத்த இரண்டாவதோடு சேர்த்து ஒரே தடவையில் பாருங்கள். நான்கு மடங்கு ஏறினால் உறுதி. தனி மாதிரியில் நுண் ஒட்டுத்திரள் முறையில் 1:128 அல்லது மேல், குழாய் முறையில் 1:160 அல்லது மேல் என்றால் பலத்த சந்தேகம், அவ்வளவே. முன்பு வந்த நோயின் பிறபொருளெதிரி ஆண்டுக்கணக்கில் நிற்கும், புருசெல்லாவோடும் குறுக்காக ஒட்டும்.

தொற்றுநோய்_வார்ட்

விடை வரும்வரை மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் தாமதித்தால் நெறி சீழ்பிடிக்கும் வாய்ப்புக் கூடுகிறது.

கடுமையான நோய்க்கு அமினோகிளைக்கோசைட்தான். ஸ்ட்ரெப்டோமைசின் 1 கிராம் தசையில் நாளுக்கு இருமுறை, 10 நாள் என்பது பழைய பொன்விதி. கையில் இருப்பது ஜென்டாமைசின்: கிலோவுக்கு 5 மி.கி. நாளொன்றுக்கு, 10 நாள். 70 கிலோவுக்கு 350 மி.கி.; 80 மி.கி./2 மி.லி. குப்பியில் 8.75 மி.லி., 100 மி.லி. நோர்மல் சேலைனில் கலந்து 30 முதல் 60 நிமிடத்தில். அடுத்த டோசுக்குமுன் இரத்த அளவு லீட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழே இருக்க வேண்டும். சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் வாரத்தில் இரு தடவை. காது இரைச்சல், தலைசுற்று இருக்கிறதா என்று தினமும் கேளுங்கள். டைக்ளோஃபெனாக் கொடுக்க வேண்டாம், காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் போதும்.

ஆனால் உங்கள் நோயாளி நடமாடுகிறார், பி வகை நாட்டிலிருந்து வந்தவர். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால் பத்து நாள் ஊசி குத்த நான் சொல்லமாட்டேன். சிப்ரொஃப்ளொக்சசின் 500 மி.கி. நாளுக்கு இருமுறை, 10 முதல் 14 நாள். 14 முடிப்பதே என் விருப்பம். டொக்சிசைக்கிளின் 100 மி.கி. இருமுறையும் நல்லதுதான், ஆனால் அது கிருமியை அடக்கிவைக்கும், கொல்லாது. 14 நாளுக்குக் குறைத்தால் திரும்பி வரும், 21 வரை கொடுங்கள். அசித்ரோமைசின் பக்கம் போகாதீர்கள், அது எரித்ரோமைசின் குடும்பம்: வட, கிழக்கு ஐரோப்பாவில் எரித்ரோமைசினுக்கு அடங்காத இனம் பரவலாக உண்டு.

உள்மருத்துவம்_கொழும்பு8

சிப்ரொஃப்ளொக்சசின் என்றால் ஒரு எச்சரிக்கை. ஃப்ளூரோகுயினலோன்கள் காசநோயையும் பாதி அமுக்கும், பிறகு அதைக் கண்டுபிடிப்பது சிரமம். முதல் குளிசைக்கு முன்பே நெறியில் உறிஞ்சிய மாதிரியில் காசநோய்க்கான ஜீன்எக்ஸ்பேர்ட்டும் கல்ச்சரும் அனுப்பிவிடுங்கள். மறுபக்கமும் உண்டு: துலரீமியா நெறியை நுண்காட்டியில் பார்த்தால் நடு அழுகிய கிரானுலோமா (அழற்சி முடிச்சு), காசநோயில் வருவது போலவே. பதோலஜி அறிக்கை "காசநோய்க்கு ஒத்தது" என்று வந்து, ஆறு மாத மருந்து தொடங்கிவிடும். பயண வரலாறு பதோலஜி விண்ணப்பத்திலும் இருக்கட்டும்.

வெள்ளவத்தை_ஜீபி

எக்ஸ்ரே சுத்தம். மாதிரிகள் போய்விட்டன, சிப்ரொஃப்ளொக்சசின் தொடங்கியாயிற்று. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஏதும் கொடுக்க வேண்டுமா? காய்ச்சல் இறங்கியும் நெறி அப்படியே இருந்தால் மருந்து தோற்றதாக எடுப்பதா?

தொற்றுநோய்_வார்ட்

ஆளுக்கு ஆள் தொற்றாது. தனிமைப்படுத்தவும் தடுப்பு மருந்து கொடுக்கவும் தேவையில்லை. புண்ணை மூடிக் கட்டி, கட்டுத் துணியை முடிச்சுப் போட்ட பையில் போட்டால் சரி. அவரோடு அதே காட்டில் நின்றவர்கள் 14 நாள் காய்ச்சல் பார்க்கட்டும்.

காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் இறங்க வேண்டும். நெறி அவ்வளவு வேகமாகக் கரையாது, வாரக்கணக்கு ஆகும். காய்ச்சல் இல்லாமல் நெறி மட்டும் இளகித் தளம்பினால் மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே தடித்த ஊசியால் உறிஞ்சுங்கள், தேவைப்பட்டால் திரும்பவும். அந்தக் கட்டத்தில் சேர்ஜனின் உதவியும் வேண்டிவரலாம். காய்ச்சல் நான்காம் நாளும் நின்றால், மூச்சு வாங்கினால், தலை தடுமாறினால், அன்றே சேர்த்து ஜென்டாமைசினுக்கு மாறுங்கள்.

இன்னொன்று: பாலும் தயிரும் கல்சியம், இரும்புக் குளிசையும் நெஞ்செரிவு மருந்தும் சிப்ரொஃப்ளொக்சசினைக் குடலிலேயே கட்டிப்போடும். அவற்றுக்கு இரண்டு மணி முன்போ ஆறு மணி பின்போ விழுங்கச் சொல்லுங்கள். குதிகால் தசைநாணில் நோவு வந்தால் உடனே நிறுத்தி டொக்சிசைக்கிளினுக்கு மாற்றுங்கள்.

தட்டும்_குச்சியும்

உங்கள் கிளினிக்கில் ஸ்வாப் எடுத்தவர் கையுறையோடு எடுத்திருந்தால் ஒன்றும் தேவையில்லை. ஆய்வுகூடத்தில் யாராவது வளர்ந்த தட்டைப் பெட்டிக்கு வெளியே திறந்திருந்தால் டொக்சிசைக்கிளின் 100 மி.கி. அல்லது சிப்ரொஃப்ளொக்சசின் 500 மி.கி. நாளுக்கு இருமுறை, 14 நாள். திருவிழா முடிந்து அவர் சுவீடன் திரும்புவதென்றால் முதல் சீரத்தின் அறிக்கையையும் மருந்துத் துண்டையும் கையில் கொடுத்துவிடுங்கள். அங்கே இது அறிவிக்க வேண்டிய நோய், "ஹார்பெஸ்ட்" என்று அதன் சுவீடிஷ் பெயரைச் சொன்னால் எந்தச் சுகாதார நிலையத்திலும் புரியும், இரண்டாவது சீரத்தை அவர்களே எடுப்பார்கள்.