பதில்: டர்பன் அம்மா கேட்டது, அது நம்ம ஊர்தானா?

எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசம் தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருந்து ஒரு அம்மா நம்ம குழுவுக்கு மடல் போட்டிருந்தாங்க இல்ல, எங்க முன்னோர் உங்க ஊரா இருக்கலாம், யாராவது பாத்து சொல்றீங்களான்னு. அதுக்கு பதினேழு பதில் வந்துது, எண்ணிப் பாத்தேன். பாதிக்கு மேல "மெய்சிலிர்க்குது", "வாழ்த்துகள்". மூணு பேரு வம்சாவளி நோட்டை போட்டோ புடிச்சு அனுப்பி எந்த தாத்தா கப்பல் ஏறியிருப்பாருன்னு ஆராய்ச்சி பண்ணீங்க. ஒருத்தர் மட்டும் "நம்ம ஊர்க்காரங்க யாரும் கூலிக்கு போனதில்ல, வேற ஊரா இருக்கும்"னு ஒரே வரியில கதவை சாத்திட்டாரு. அண்ணே, கோவப்படாதீங்க, கடைசியில அதுக்கும் வரேன்.

நான் அந்த அம்மாகிட்ட தனியா எழுதி, உங்ககிட்ட என்ன காகிதம் இருக்கோ அதை அப்படியே ஸ்கேன் பண்ணி அனுப்புங்கன்னேன். வந்தது பழைய கப்பல் பட்டியல்ல இருந்து ஒரே ஒரு வரிதான், ஆனா அந்த வரியில நாம பேசினதுல முக்கால்வாசி அடிபட்டுப் போச்சு. ஏன்னா கப்பல் ஏறினது தாத்தாவே இல்ல. ஒரு பொம்பளை. வயசு 24, வருஷம் 1889, கூட மூணு வயசுல ஒரு பொண்ணு, புருஷன்னு யாரும் கூட இல்ல.

நேட்டால் (டர்பன் இருக்கற பகுதிக்கு அன்னிக்கு அதான் பேரு) போனவங்களுக்கு இந்த கப்பல் பட்டியல் இருக்கறது பெரிய அதிர்ஷ்டம், தெரியாதவங்களுக்காக கொஞ்சம் சொல்றேன். முதல் கப்பல் ட்ரூரோ, 1860 நவம்பர் 16ல டர்பன் போய் சேந்துது, மெட்ராஸ்ல ஏறினவங்க 342 பேரு. அதுல இருந்து 1911ல இந்திய அரசாங்கம் நிறுத்துற வரைக்கும் மொத்தம் 1,52,184 பேரு ஒப்பந்தக் கூலியா போயிருக்காங்க, நடுவுல 1866ல இருந்து 1874 வரைக்கும் மட்டும் யாரும் போகல. எறங்கினதும் ஆளுக்கு ஒரு நம்பர், கைக்குழந்தைக்கும் உண்டு. அந்த நம்பருக்கு நேரா பேரு, தகப்பன் பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, தாலுகா, ஊரு, ஒடம்புல என்ன அடையாளம் எல்லாம் எழுதியிருப்பாங்க. இப்ப க்வாஸுலு-நடால் பல்கலைக்கழகத்தோட காந்தி-லுதூலி ஆவண மையம் வழியா இணையத்துலயே பாக்கலாம்.

இவ்வளவு இருந்தும் அந்த அம்மா எத்தனையோ வருஷம் தேடி ஒண்ணும் கெடைக்கல, காரணம் சர்நேம். அவங்க அம்மா வீட்டு சர்நேம் கோவெண்டர். அது நம்ம கவுண்டர்தான், அங்க வாயில உருண்டு அப்படி ஆயிடுச்சு, முதலி மூட்லி ஆன மாதிரி. சரி கோவெண்டர்னு போட்டு தேடினா ஆயிரக்கணக்குல வருது. அது மட்டும் இல்ல, அந்த சர்நேமே இந்த பொம்பளையோட சர்நேம் இல்ல, அங்க போய் ரெண்டாவதா கட்டிக்கிட்ட ஆளோடது. கூட போன மூணு வயசு பொண்ணும் அவர் பேர்லயே வளந்திருக்கு. கடைசியில அந்த பொண்ணு பெருசாகி கல்யாணம் பதிஞ்ச சீட்டுல ஒரு ஓரமா அந்த நம்பர் இருந்துருக்கு, அதைப் புடிச்சு பட்டியலுக்கு போனா, பொண்ணோட நம்பருக்கு முந்தின நம்பர் அம்மாவோடது. அவ்வளவுதான். பேரை விட்டு நம்பரைப் புடிச்சதும் அரை நாள் வேலை.

(ஜாதின்னு இருக்கற கட்டம் பத்தி ஒரு வார்த்தை. பட்டியல்ல ஒண்ணு இருக்கும், குடும்பம் இப்ப சொல்லிக்கிறது வேற ஒண்ணா இருக்கும். கப்பல் ஏறும்போது மாத்திச் சொன்னவங்க உண்டு, எறங்கின அப்பறம் மாத்திக்கிட்டவங்க உண்டு, குமாஸ்தா காதுல விழுந்ததை எழுதினதும் உண்டு. இதை வச்சு குழுவுல யாரும் யாரையும் நோண்ட வேணாம், போன தடவை நடந்ததே போதும்.)

இப்ப ஊருக்கு வருவோம். ஜில்லா வட ஆற்காடு, தாலுகா வாண்டிவாஷ்னு இருக்கு, அதாவது வந்தவாசி. ஊர் பேரு எழுத்துக் கூட்டி படிச்சா நம்ம ஊர் மாதிரிதான் வருது, ஆனா நம்ம ஊர் பேர்ல பழைய வட ஆற்காடுலயே மூணு ஊர் இருக்கு. தாலுகா எழுதியிருக்கறதால ரெண்டு கழிஞ்சிடுது, அதனால நம்ம ஊரா இருக்க நல்ல வாய்ப்பு இருக்குன்னுதான் நான் நெனைக்கிறேன். ஒரு தம்பி "நாம திருவண்ணாமலை மாவட்டம், அவங்க வட ஆற்காடுன்னு சொல்றாங்க, ஒத்து வரல"ன்னு எழுதியிருந்தாப்ல. தம்பி, 1989 வரைக்கும் நாமளும் வட ஆற்காடுதான், உங்க அப்பாவோட ரேஷன் கார்டு இருந்தா எடுத்துப் பாருங்க. தில்லையாடி வள்ளியம்மை தெரியும்ல, 1898ல ஜோகன்னஸ்பர்க்ல பொறந்து 1914ல 16 வயசுல அங்கயே செத்துப்போன பொண்ணு. பேருக்கு முன்னாடி அவங்க அம்மாவோட ஊர் மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. அந்த தில்லையாடி அன்னிக்கு தஞ்சாவூர் ஜில்லா, 1991ல நாகப்பட்டினம் ஆச்சு, இப்ப மயிலாடுதுறை. ஊர் அங்கயேதான் இருக்கு, கோடுதான் நகந்துக்கிட்டே இருக்கு. தேடறவங்க தாலுகாவைப் புடிங்க.

அடுத்தது வம்சாவளி. மூணு பேரு நோட்டை போட்டீங்களே, நல்லாப் பாத்தீங்களா? ஏழு தலைமுறை எழுதியிருக்கு, அதுல ஒரு பொம்பளை பேரு கூட இல்ல. பெரியவருக்கு நாலு பையன், அவருக்கு ரெண்டு, இவருக்கு வாரிசு இல்ல, இப்படியே போகுது. பொண்ணு பொறந்தா எழுதல, கட்டிட்டு வந்தவளை எழுதல, அப்ப வூட்டை விட்டுப் போனவளை எங்க எழுதப் போறாங்க. பங்காளி பாகப்பிரிவினைக்காக எழுதின நோட்டு அது, அதுல இந்தம்மாவை தேடறதே தப்பு.

அதனால நான் ஆம்பளைங்களை விட்டுட்டு எங்க பெரியம்மாவை கேட்டேன். வயசு 86. எங்க சித்தப்பா பையன் வீடியோ கால் போட்டு செல்லை தூண்ல சாச்சு வச்சுட்டு போயிட்டான், பெரியம்மா என் மூஞ்சியை பாக்கவே இல்ல, முறத்தை மடியில வச்சுக்கிட்டு வேர்க்கடலை ஒடச்சிக்கிட்டே பேசுது, தோலு எல்லாம் செல் மேல வந்து விழுது. பட்டியல்ல இருந்த தகப்பன் பேரை சொன்னேன். "அது கெழக்கு தெரு வூட்டு பேரு, இன்னாத்துக்கு கேக்கற"ன்னுச்சு. அந்த வூட்ல யாராச்சும் பொம்பளை ஊரை விட்டு போனாங்களான்னேன். கொஞ்ச நேரம் கடலை ஒடைக்கிற சத்தம் மட்டும்தான். அப்பறம், "போனாங்கன்னு யாரு சொல்லுவா, செத்துட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க"ன்னுச்சு.

பெறகு அதுவா ஒண்ணு சொல்லுச்சு. அந்த வூட்டுல பூவாடைக்காரிக்கு (குடும்பத்துல செத்துப்போன பொம்பளையை சாமியா கும்புடறது) படைக்கும்போது ரெண்டு சேலை வைப்பாங்களாம், மத்த வூடுங்கள்ல ஒண்ணுதான். ஏன் ரெண்டுன்னு அந்த வூட்ல வாழ்க்கப்பட்டுப் போன தன் அக்காகிட்ட பெரியம்மா கேட்டுருக்கு, அக்காவுக்கு தெரியல, அக்காவோட மாமியாருக்கும் தெரியலியாம். எங்க மாமியா வச்சுது, நாங்களும் வைக்கிறோம்னாங்களாம். அதுல ஒரு சேலை வெள்ளையில செவப்பு கரை போட்டது, அதை மட்டும் படையல் முடிஞ்சதும் யாரும் கட்டிக்க மாட்டாங்க, மடிச்சு பொட்டியில வச்சுட்டு அடுத்த வருஷம் அதையே எடுப்பாங்களாம்.

இதை படிச்சுட்டு உடனே யாரும் டர்பனுக்கு "உறுதியாயிடுச்சு"ன்னு எழுதிடாதீங்க, ப்ளீஸ். ரெண்டாவது சேலை கெணத்துல விழுந்த பொண்ணுக்கா இருக்கலாம், பிரசவத்துல போனவளுக்கா இருக்கலாம், அந்த வூட்ல அது எல்லாமும் நடந்துருக்கு. தகப்பன் பேரும் நம்ம பக்கம் தெருவுக்கு நாலு பேரு வச்சுக்கிற பேருதான். எனக்கு தெரிஞ்சதை தெரிஞ்ச அளவுக்கு அந்தம்மாவுக்கு எழுதிட்டேன், சேலை விஷயமும் எழுதினேன், இது சாட்சி இல்லைன்னும் எழுதினேன். அவங்க பதில்ல, அவங்க ஆயா காலத்துல இருந்து வூட்டுல மாரியம்மனுக்கு கூழ் ஊத்துறது வுடலன்னு சொல்லியிருந்தாங்க, அங்க அதுக்கு பேரு போரிட்ஜ் பிரேயர். தமிழ் சுத்தமா போச்சு, ஆனா கேப்பைக் கூழும் வேப்பிலையும் போகல. அதையும் சாட்சின்னு சொல்ல மாட்டேன், நேட்டால்ல பாதி தமிழங்க வூட்டுல அது இருக்கு.

இப்ப கூலிக்கு போனதில்லன்னு எழுதின அண்ணனுக்கு. தாது வருஷப் பஞ்சத்துல, அதாவது 1876ல இருந்து 78 வரைக்கும், நம்ம ஜில்லா எப்படி காலியாச்சுன்னு நீங்களே ஒரு தடவை பொங்கல் மலர்ல கட்டுரை எழுதியிருக்கீங்க. அந்த பஞ்சத்துல பொழச்ச பொண்ணு இது, அப்ப பதினோரு பன்னெண்டு வயசு இருந்துருக்கும். 24 வயசுல இடுப்புல கொழந்தையோட மெட்ராஸ் டிப்போவுக்கு (கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடி ஆளுங்களை தங்க வைக்கிற எடம்) தனியா நடந்தோ வண்டியிலயோ வந்து சேந்துருக்கா. ஒவ்வொரு கப்பல்லயும் ஆம்பளைங்களுக்கு இத்தனை பொம்பளைங்க இருந்தே ஆகணும்னு விதி இருந்ததால ஏஜெண்டுங்க தனியா வந்த பொம்பளைங்களை தேடித் தேடி புடிச்சாங்க, விதவைங்க, புருஷன் வுட்டவங்க, வூட்டுல தாங்க முடியாம வந்தவங்க. இதுல அவ எதுன்னு அந்த வரியில இல்ல. இருக்கறது ஒரு அடையாளம்தான், இடது முன்கையில தீப்புண் தழும்பு. அது மட்டும் எனக்கு ரெண்டு நாளா மனசை வுட்டு போகல.

மலேசியாவுல இருந்து ரெண்டு பேரு எங்க தாத்தாவுக்கும் இப்படி கெடைக்குமான்னு கேட்டிருந்தீங்க. கங்காணி (தோட்டத்துக்கு ஊர்ல இருந்து ஆள் சேத்து கூட்டிட்டுப் போறவரு) வழியா போனவங்களுக்கு ஆளுக்கு ஒரு வரி இந்த மாதிரி கெடைக்கிறது கஷ்டம், எஸ்டேட் செக்ரோல் (வேலைக்கு வந்த ஆளுங்க பேரு எழுதற பதிவேடு), பொறப்பு சர்டிபிகேட் இப்படி கீழ இருந்து மேல வாங்க. மொரீஷியஸ் போனவங்கன்னா யோகக்காரங்க, மோக்காவுல மகாத்மா காந்தி நிறுவனத்துல பழைய பதிவு இருக்கு, 1860களுக்கு அப்பறம் போனவங்களுக்கு போட்டோ கூட இருக்கும்.

அந்தம்மா ஆடி மாசம் பொண்ணோட வராங்க, டிக்கெட் போட்டாச்சு. பேரு இப்ப போடல, அவங்க சரின்னதும் போடுறேன். சால்வை, பேனர், பத்திரிகைக்காரன் எதுவும் வேணாம்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க, சங்கத்து செயலாளர் கவனிக்கவும். எனக்கு வேண்டியது ஒண்ணுதான், கெழக்கு தெரு வூட்டுல இருந்து வெளியூருக்கு கட்டிக்கொடுத்த அத்தைங்க, ஆயாங்க உங்க சொந்தத்துல யாராச்சும் உயிரோட இருந்தா அந்த சேலையைப் பத்தி கேட்டு எழுதுங்க, அவங்க சொன்ன வார்த்தையிலயே எழுதுங்க, திருத்தாதீங்க. பெரியம்மாகிட்ட நேரா பேசணும்னாலும் பேசலாம், காலையில பத்து மணிக்கு முன்னாடி கூப்டுங்க, இடது காதுதான் கேக்கும், கொஞ்சம் கத்திப் பேசணும்.