"தானா வந்துச்சு" என்பவர்களிடம் என்ன கேட்பது?

கேள்வி: ஆய்வுக்கூடத்தில் அல்ல, வேலை நடக்கும் இடத்திலேயே ஒருவர் எப்படி யோசித்து முடிவெடுக்கிறார் என்று ஆராய்கிறேன். யாரைக் கேட்டாலும் "அனுபவம்தான், தானா வந்துச்சு" என்கிறார்கள். இதை வைத்து என்ன எழுதுவது?

பதில் 1: 1980களில் கேரி க்ளைன் என்ற உளவியலாளருக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். தீயணைப்பு அதிகாரிகள் இரண்டு வழிகளையாவது ஒப்பிடுவார்கள் என்று நினைத்துப் போனார், அவர்களோ நாங்கள் முடிவே எடுப்பதில்லை என்றார்கள்! ஒரு அதிகாரி, சமையலறையில் சின்னத் தீ என்று நினைத்து உள்ளே போகிறார், தண்ணீர் அடித்தும் அடங்கவில்லை, வெக்கை அதிகம், சத்தமோ ரொம்பக் குறைவு, ஏதோ சரியில்லை என்று எல்லாரையும் வெளியே வரச் சொல்கிறார், உடனே தரை இடிந்து விழுகிறது. தீ இருந்தது கீழே, நிலவறையில். அவர் அதை அமானுஷ்ய சக்தி என்றே நம்பினார். அதனால் "ஏன்" என்று கேட்காதீர்கள். சிக்கலான ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, அந்த நேரத்தில் என்ன கண்ணில் பட்டது, என்ன எதிர்பார்த்தீர்கள், புதியவர் என்றால் எங்கே கோட்டை விட்டிருப்பார் என்று கேளுங்கள்.

பதில் 2: சரி, ஆனால் பிறகு சொல்லும்போது நினைவு கொஞ்சம் மெருகு போட்டுவிடும். எட்வின் ஹட்சின்ஸ் என்ற அறிவாற்றல் ஆய்வாளர் கடற்படைக் கப்பலிலேயே ஏறி, வழி கணிப்பதைப் பார்த்தார். யோசனை ஒரே தலைக்குள் இல்லை, வரைபடம், கருவி, ஆட்களின் பேச்சு என்று பரவிக் கிடந்தது. கூடவே நின்று பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: நாளைக்கே நோட்டோடு போய் நிற்கிறேன், விரட்டாமல் இருந்தால் சரி.