மணலில் வண்டி நின்றுவிடுகிறது, வெள்ளிக்கிழமைக்கு முன் உதவி தேவை

கரவெட்டிப் பயணி
செவ்வாய், இரவு 9.40

வணக்கம். வெள்ளி காலை நாங்கள் ஐந்து பேர் ஐந்து மோட்டார் சைக்கிள்களில் யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் மணற்காடு என்ற ஊரிலிருந்து கரையோரமாகச் சுண்டிக்குளம் வரை சென்று, இரண்டு இரவுகள் கூடாரம் அடித்துத் தங்கித் திரும்புவதாக ஏற்பாடு. கடந்த ஞாயிறு சுமைகளையும் கட்டிக்கொண்டு ஒத்திகையாகப் போய்ப் பார்த்தோம். என்னுடைய வண்டி மணலில் நின்றுவிட்டது. சிறிது நேரம் விட்டு உதைத்தால் வேலை செய்கிறது, பிறகு மறுபடியும் நிற்கிறது. வண்டி திருத்தும் கராச்சில் காட்டி, பொறி தரும் பிளக்கை மாற்றியும் பயனில்லை. தெரிந்தவர்கள் விரைவாகச் சொல்லுங்கள். என்னால் மற்ற நால்வரின் பயணம் குழம்பக் கூடாது.

சாவகச்சேரிக் கராச்
செவ்வாய், இரவு 10.05

தம்பி, நீங்கள் எழுதியதில் வண்டியின் பெயரே இல்லை. எந்த வண்டி, எத்தனையாம் ஆண்டினது, பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றரா அல்லது பெற்றோலை விசிறும் புதிய முறையா? நிற்கும்போது திடீரென்று அணைகிறதா, அல்லது பெற்றோல் முடிந்த வண்டிபோல இழுத்து இழுத்து நிற்கிறதா? சிறிது நேரம் என்றால் இரண்டு நிமிடமா, அரை மணித்தியாலமா? கழற்றிய பழைய பிளக்கின் நுனி கறுப்பாக இருந்ததா, வெள்ளையாக இருந்ததா, நனைந்திருந்ததா? இவற்றுக்கு விடை தெரியாமல் எவர் என்ன சொன்னாலும் அது குருட்டுக் குறிதான்.

பழைய பிஸ்ரன்
செவ்வாய், இரவு 10.31

இதற்கு இத்தனை கேள்விகள் தேவையில்லை. பழுது வண்டியில் இல்லை, ஓட்டுபவரிடம் இருக்கிறது. நீர் முதலாம் கியரிலேயே கிளச்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு மணலை உழுதிருக்கிறீர். காற்றால் குளிரும் எஞ்சினுக்கு முன்னோக்கிய ஓட்டம் இல்லாவிட்டால் மூச்சு முட்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் இந்தக் குடாநாடு முழுவதும் மண்ணெண்ணெயில் ஓடியது. நாலு சொட்டுப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அதே வடமராட்சி கிழக்கு மணலில் மீன்பெட்டியோடு ஓட்டியவர்கள் நாங்கள். இன்றைய பிள்ளைகளுக்குப் பொத்தானை அழுத்தத்தான் தெரியும். இரண்டாம் கியரில் ஒரே சீராக முறுக்கிப் போம், நிற்காது.

கொக்குவில் மின்னியல்
புதன், காலை 6.50

மூத்தவர் சொல்வதை முழுமையாக ஏற்க முடியவில்லை. சூடானதும் நிற்பதும் ஆறியதும் ஓடுவதும் மின்பொறிப் பகுதியில் பழுது இருப்பதன் தெளிவான அடையாளங்கள். காந்தச் சில்லின் அருகே இருக்கும் சிறிய கொயில், அதாவது கம்பிச்சுருள், சூட்டில் விரியும்போது உள்ளே நுண்ணிய கம்பி விலகிவிடும், ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்ளும். நான் இதே பழுதை மூன்று வண்டிகளில் கண்டிருக்கிறேன். கொயிலை மாற்றுங்கள். அதோடு பொறி விழும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் சீ.டி.ஐ. பெட்டியையும் வேறொரு வண்டியினதை மாற்றிப் பொருத்திப் பாருங்கள்.

ஸ்காபரோ வாசி
புதன், காலை 7.15

நான் பிறந்தது பருத்தித்துறை. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர்கள் அறுவரோடு அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவில் மோட்டார் சைக்கிளில் சென்று கூடாரம் அடித்துத் தங்கியிருக்கிறேன். அதன் ஆகத் தாழ்ந்த இடம் கடல்மட்டத்துக்கும் 86 மீற்றர் கீழே. நாங்கள் போனது வசந்த காலம் என்றபடியால் தப்பினோம்; கோடையில் வெப்பம் 50 பாகையைத் தொடும். அங்கே எங்களில் ஒருவரின் பழைய வண்டி இப்படித்தான் நின்றது. காபரேற்றரின் கிண்ணத்திலேயே பெற்றோல் சூட்டில் கொதித்து ஆவியாகிவிட்டது. ஈரத்துணியைக் காபரேற்றரின்மேல் சுற்றினோம், ஓடியது. உங்களுக்கும் அதுவாக இருக்கலாம். எதுவானாலும், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லீற்றர் தண்ணீர் என்ற கணக்கை விட்டுவிடாதீர்கள்.

கரவெட்டிப் பயணி
புதன், நண்பகல் 12.20

விவரங்களை விட்டதற்கு மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். வண்டி பல்சர் 150, 2012 ஆம் ஆண்டினது, காபரேற்றர். இரண்டு பிளக்குகளையும் மாற்றினேன். எயார் பில்டரையும் கழற்றித் துப்பரவாக்கினார்கள். நிற்பதற்கு முன் இழுத்து இழுத்துத்தான் நிற்கிறது. மறுபடி ஓட இருபது நிமிடமளவில் காத்திருக்க வேண்டும். பிளக்கின் நிறத்தைக் கவனிக்கவில்லை.

சாவகச்சேரிக் கராச்
புதன், பிற்பகல் 1.02

நல்லது, இப்போது பாதை தெரிகிறது. இந்த வண்டிக்கு ஒரு சிலிண்டரில் இரண்டு பிளக்குகள். ஒன்று செத்தாலும் மற்றதில் சோர்ந்து ஓடுமே தவிர இப்படி நிற்காது. ஆகவே பிளக்கை மாற்றியது வீண்செலவு. எயார் பில்டர் மணலால் அடைபட்டிருந்தால் இருபது நிமிட ஓய்வில் அது தானாகத் திறந்துகொள்ளாது, ஆகவே அதுவும் இல்லை. கொக்குவில் நண்பர் சொல்லும் கொயில் பழுதானால் விளக்கை அணைத்ததுபோல வெட்டென்று நிற்கும், இழுத்து இழுத்து நிற்பது பெரும்பாலும் பெற்றோல் போதாமை. காபரேற்றரின் அடியில் இருக்கும் சிறிய திருகாணியை, வண்டி நின்ற உடனே, அந்த இடத்திலேயே, எஞ்சின் சூட்டில் கையும் பெற்றோலும் படாதபடி ஒரு போத்தலைப் பிடித்துக்கொண்டு தளர்த்திப் பாருங்கள். பெற்றோல் தொடர்ந்து ஒழுகினால் அது காபரேற்றர் வரை வருகிறது, பழுது அதற்குப் பிறகு. சிறிது விழுந்து நின்றால் பழுது அதற்கு மேலே, அதாவது குழாயிலோ பெற்றோல் தாங்கியிலோ இருக்கிறது.

கொக்குவில் மின்னியல்
புதன், பிற்பகல் 1.40

கொயில் எப்போதும் வெட்டென்றுதான் நிற்க வேண்டும் என்பதில்லை, விட்டுவிட்டுப் பொறி தந்தாலும் இழுப்பதுபோலத் தோன்றும். இருந்தாலும் திருகாணிச் சோதனை செலவில்லாதது. முதலில் அதையே செய்யட்டும்.

சவுக்கங்காடு
புதன், மாலை 4.10

வண்டியைப் பற்றி மற்றவர்கள் பேசுகிறார்கள். நான் மணற்காட்டில் இருப்பவள், பாதையைப் பற்றிக் கேட்கிறேன். சுண்டிக்குளத்தில் எங்கே தங்கப் போகிறீர்கள்? 1938 இல் சரணாலயமாக்கப்பட்ட அந்த இடம் 2015 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் பூங்காவுக்குள் கூடாரம் அடிக்க முடியாது. அனுமதி எடுத்தீர்களா? அதோடு எங்கள் மணற்குன்றுகளின்மேல் வண்டி ஏற்ற வேண்டாம் என்று மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் வேரால் பின்னிப் பிடித்திருப்பதால்தான் அந்த மணல் சோளகம் என்ற தென்மேற்குக் காற்றிலும் இடம்பெயராமல் இருக்கிறது. ரயர் ஒருமுறை கொடியைக் கிழித்தால் அந்த வாயால் மணல் வீட்டுக்குள் வரத் தொடங்கும். மணல் மூடிய பழைய அந்தோனியார் கோவிலைப் பார்த்திருப்பீர்கள், காற்று என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பழைய பிஸ்ரன்
புதன், மாலை 5.25

பிள்ளை கேட்டது ஒரு பக்கம், தம்பியின் கேள்வி வேறு பக்கம். பூங்கா என்று பெயர் வைப்பதற்கு முன்பே அந்தக் கரையால் நாங்கள் போய்வந்தோம், எவரும் மறிக்கவில்லை. ஐந்து மோட்டார் சைக்கிள்களால் ஒரு பாலைவனம் அழிந்துவிடாது.

சவுக்கங்காடு
புதன், மாலை 5.50

ஐயா, அது பாலைவனம் இல்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எங்கள் முற்றத்தில் வெள்ளம் நிற்கும். அந்த மழைநீரை மணற்குன்றுகள் உறிஞ்சி வைத்திருப்பதால்தான் கடலுக்கு இத்தனை அருகே தோண்டிய கிணற்றிலும் நாங்கள் நல்ல தண்ணீர் அள்ளுகிறோம். பாலைவனம் என்று பெயர் சொன்ன உடனேயே எவரும் எப்படியும் ஓட்டலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. நீங்கள் போன காலத்தில் மீன்பெட்டி ஏற்றியவர்கள் ஒரே தடத்தால் போனார்கள். இப்போது வருபவர்கள் படம் எடுப்பதற்காகக் குன்றின் உச்சிக்கு ஏறுகிறார்கள்.

ஸ்காபரோ வாசி
புதன், மாலை 6.30

சகோதரி சொல்வதை நான் ஆதரிக்கிறேன். மரணப் பள்ளத்தாக்கு உண்மையான பாலைவனம், ஆனால் அங்கும் சில்லு பாதையை விட்டு இறங்கக் கூடாது. மணற்குன்றுகளில் நடக்கலாம், வண்டி ஓட்ட முடியாது. இலக்கத்தகடும் பதிவும் உள்ள வண்டிகள் மட்டும், அவையும் திறந்துவிடப்பட்ட பாதைகளில் மட்டும். அதனால் எங்கள் பயணத்தின் சுவை ஒன்றும் குறைந்துவிடவில்லை.

பழைய பிஸ்ரன்
புதன், இரவு 7.05

அமெரிக்காவின் சட்டத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். தம்பிக்கு உதவுகிற ஒன்றைச் சொல்கிறேன். மணலில் இறங்குவதற்கு முன் ரயரின் காற்றழுத்தத்தை 28 இறாத்தலிலிருந்து 18 அளவுக்குக் குறைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே போனால் ரிம்மின்மேல் ரயர் சுழன்று ரியூப்பின் வாயைப் பிய்த்துவிடும். கால் பம்ப் ஒன்றைக் கொண்டு போம், தாருக்கு ஏறியதும் நிரப்பாமல் ஓடக் கூடாது. முன் பிறேக்கை மணலில் தொட வேண்டாம்.

சாவகச்சேரிக் கராச்
புதன், இரவு 7.40

காற்றைப் பற்றி மூத்தவர் சொன்னது முற்றிலும் சரி. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளாலி, முகமாலை, நாகர்கோவில் வரிசை நீண்ட காலம் போர் முன்னரங்காக இருந்தது. மிதிவெடி அகற்றப்பட்ட பகுதிகளிலும் ஓடிப் பழகிய தடத்தை விட்டு விலகாதீர்கள், எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் கூடார முளையை அறையாதீர்கள்.

உரும்பிராய்த் தங்கை
புதன், இரவு 8.15

நான் ஓட்டத் தொடங்கி இரண்டு ஆண்டுகள்தான், ஆகவே தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணா, ஒரே மணலில் ஒரே வெயிலில் ஐந்து வண்டிகள் போயிருக்கின்றன. மற்ற நான்கும் நின்றனவா? நிற்கவில்லையென்றால், அந்த நான்கிலும் இல்லாத எது உங்கள் வண்டியில் இருந்தது? சுமையை எங்கே, எப்படிக் கட்டினீர்கள்? உண்மையிலேயே மணலில் மட்டும்தான் நின்றதா?

கரவெட்டிப் பயணி
புதன், இரவு 9.30

மற்ற நான்கும் நிற்கவில்லை. அவற்றிலும் ஒன்று பல்சர்தான். தங்கை கேட்ட பிறகு யோசித்துப் பார்த்தேன், மணலில் மட்டும் என்று நான் எழுதியது சரியில்லை. திரும்பி வரும்போது மருதங்கேணிப் பக்கம் தார் வீதியிலும் ஒருமுறை நின்றது. மணலில் சூடானதன் தொடர்ச்சி என்று நினைத்து அதைக் கணக்கில் எடுக்கவில்லை. நெல்லியடியில் தாங்கி நிரம்ப அடித்துக்கொண்டுதான் புறப்பட்டோம். சுமை எல்லோருக்கும் ஒன்றுதான், கூடாரம் பின்னால். சோளகம் மணலை அள்ளி வீசியதால் நான் மட்டும் தாங்கியின்மேல் ஒரு பொலித்தீன் விரிப்பைப் போர்த்து, அதன்மேல் உடுப்புப் பையை இறுக்கிக் கட்டியிருந்தேன். மணல் பெற்றோலுக்குள் போகாதிருக்கத்தான் அப்படிச் செய்தேன்.

சாவகச்சேரிக் கராச்
புதன், இரவு 9.48

பழுது அந்தப் போர்வைக்குள்தான் இருக்கிறது என்று நம்புகிறேன், தம்பி. தாங்கியிலிருந்து பெற்றோல் இறங்க இறங்க அதே அளவு காற்று உள்ளே வர வேண்டும். அதற்கென்று மூடியில் ஒரு நுண்துளை உண்டு. எண்ணெய்த் தகரத்தில் ஒரு துளை மட்டும் இட்டுக் கவிழ்த்தால் முதலில் வழிந்து பிறகு நின்றுவிடும், மறுபக்கம் இன்னொரு துளை குத்தினால்தான் ஒழுங்காக வரும். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த விடயம் இது. தாங்கி நிரம்பியிருந்தால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு, ஆகவே வெற்றிடமும் விரைவில் உண்டாகிவிடும். மணலில் பெற்றோல் கூடுதலாகச் செலவாவதால் இன்னும் விரைவு. நிறுத்தி வைத்தால் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், வண்டி மறுபடி ஓடும். சூட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, காத்திருந்த நேரத்தில் எஞ்சினும் ஆறியதால் எல்லோரும் சூட்டையே பிடித்துக்கொண்டோம்.

நாளை அதே சுமையோடு, அதே போர்வையோடு, தாங்கி நிரப்பித் தார் வீதியிலேயே ஓட்டுங்கள். நின்றதும் பையை அவிழ்த்து மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். உஸ் என்று காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, உடனே உதைத்ததும் வண்டி ஓடினால் விடயம் முடிந்தது. ஓசை இல்லையென்றால் திருகாணிச் சோதனைக்குப் போங்கள்.

கொக்குவில் மின்னியல்
வியாழன், காலை 6.40

இதை நான் யோசிக்கவில்லை. சோதனை முடியும்வரை கொயில் வாங்க வேண்டாம்.

பழைய பிஸ்ரன்
வியாழன், காலை 8.10

மூடியில் துளை இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தாங்கியின்மேல் பை கட்டியதை முதல் நாளே சொல்லியிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

கரவெட்டிப் பயணி
வியாழன், மாலை 5.35

வல்லை வெளியில் வண்டி நின்றது. மூடியைத் திறந்ததும் நீண்ட ஓசை கேட்டது. ஓர் உதையில் ஓடியது. போர்வையை எடுத்துவிட்டுப் பார்த்தும் இன்னொரு முறை நின்றது, ஆகவே துளையும் அடைபட்டிருக்கிறது. அதை என்ன செய்வது?

சாவகச்சேரிக் கராச்
வியாழன், மாலை 5.50

மூடியைக் கழற்றிப் பெற்றோலில் ஊறவைத்து, பஞ்சர் கடையில் காற்றுக் குழாயால் இரு பக்கமும் ஊதச் சொல்லுங்கள். ஊசியால் குத்த வேண்டாம், சில மூடிகளில் உள்ளே சிறிய அடைப்பான் இருக்கும். மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் தேங்கியிருக்கும் மணலையும் துடைத்தெடுங்கள். மணலைத் தடுக்க வேண்டுமானால் மெல்லிய பருத்தித் துணி போதும், அது காற்றை விடும்.

சவுக்கங்காடு
வியாழன், இரவு 7.20

அனுமதி பற்றிய என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கரவெட்டிப் பயணி
ஞாயிறு, இரவு 10.15

போய் வந்துவிட்டோம், வண்டி ஒருமுறையும் நிற்கவில்லை. அனுமதி எடுக்க நேரம் போதாததால் பூங்காவுக்குள் போகவில்லை. கட்டைக்காட்டில் தெரிந்த ஒருவரின் தென்னங்காணியில் இரண்டு இரவும் தங்கினோம். மணற்காட்டில் வண்டிகளைக் கீழே நிறுத்திவிட்டு நடந்துதான் ஏறினோம். எல்லோருக்கும் நன்றி, தங்கைக்கு மிகவும்.