சகேயு எப்போது இரட்சிக்கப்பட்டான்? மரத்தில் இருந்தபோதா, கணக்குச் சொன்ன பிறகா?

பெரோயாவாசி:
லூக்கா 19, முதல் பத்து வசனங்கள். எரிகோவில் வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குத் தலைவன் ஒருவன், பணக்காரன், குள்ளன். இயேசுவைப் பார்க்க வேண்டும் என்று ஓடிப்போய்க் காட்டத்தி மரத்தில் ஏறுகிறான். இயேசு அண்ணாந்து பார்த்து, "சகேயுவே, நீ சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். பாவியான மனுஷனிடத்தில் தங்கப் போனாரே என்று எல்லாரும் முறுமுறுக்கிறார்கள். சகேயு எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, யாரிடமாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்கிறான். அதற்கப்புறம்தான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்ற வார்த்தை வருகிறது.

என் நிலை இதுதான். இரட்சிப்பு கிருபையினால், விசுவாசத்தினால் மட்டும். எபேசியர் 2:8, 9 போதும். சகேயு கொடுத்ததால் இரட்சிக்கப்படவில்லை, இரட்சிக்கப்பட்டதால் கொடுத்தான். மாற்றுக் கருத்துள்ளவர்கள் வசனத்தோடு வரவும். "எல்லாம் ஒன்றுதான்" வகைப் பதில்களுக்கு வேறு திரி இருக்கிறது.

மெழுகுத்திரி:
வசனத்தோடுதான் வருகிறேன் சகோ. ஒன்பதாம் வசனத்துக்கு முன்னால் எட்டாம் வசனம் இருக்கிறதே! சக்கேயு "நம்புகிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னதாக லூக்கா எழுதவில்லை. மார்பில் அடித்துக்கொண்டு அழுததாகவும் இல்லை. அவர் வாயிலிருந்து வந்தது முழுக்கப் பணக் கணக்கு. பாதி, நான்கு மடங்கு. மீட்பு வந்தது என்று ஆண்டவர் சொன்னது அந்தக் கணக்கைக் காதால் கேட்ட பிறகு.

இதற்கு முந்தின அதிகாரத்திலும் ஒரு பணக்காரத் தலைவர் வருகிறார் (18:18). நிலைவாழ்வை அடைய என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். "நம்பு, போதும்" என்று பதில் வரவில்லை. உள்ளதையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு என்னோடு வா என்ற பதில் வருகிறது. அவர் முகம் வாடிப்போகிறது. அடுத்த அதிகாரத்தில் சக்கேயு. இரண்டு பணக்காரரையும் லூக்கா இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

அப்புறம் யாக்கோபு 2:24. மனிதர் நம்பிக்கையினால் மட்டுமல்ல, செயல்களாலும் கடவுளுக்கு ஏற்புடையவர் ஆகிறார் என்று எழுதியிருக்கிறது. 1522-ல், புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் தன் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் முன்னுரையில் அந்த மடலை வைக்கோல் என்று சொன்னது சும்மா இல்லை. உறுத்தியிருக்கிறது.

பெரோயாவாசி:
லூத்தர் யாக்கோபை வேதாகமத்திலிருந்து எடுத்துப் போடவில்லை. பின்னாளில் வந்த பதிப்புகளில் அந்த வரியையும் விட்டுவிட்டார். அதை அத்தோடு விடலாம்.

பவுலும் யாக்கோபும் ஆபிரகாமைத்தான் காட்டுகிறார்கள், ஆனால் வேறு வேறு கேள்விக்காக. பவுல் ரோமர் 4-ல் எடுப்பது ஆதியாகமம் 15. அங்கே ஆபிரகாம் வானத்து நட்சத்திரங்களைப் பார்க்கிறான், கர்த்தரை விசுவாசிக்கிறான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்படுகிறது. அப்போது விருத்தசேதனம் கிடையாது, அது 17-ம் அதிகாரத்தில்தான். ஈசாக்கு பிறக்கவே இல்லை. யாக்கோபு எடுப்பது ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய 22-ம் அதிகாரத்தை. அதற்குள் எத்தனையோ வருஷம் ஓடிவிட்டது. பவுல், தேவன் ஒருவனை எதைப் பார்த்து ஏற்றுக்கொள்கிறார் என்று கேட்கிறார். யாக்கோபு, வாயளவில் விசுவாசம் பேசுகிறவனை மடக்குகிறார். பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று 19-ம் வசனத்தில் சொல்வது அதனால்தான்.

சகேயுவுக்கு வருகிறேன். எட்டாம் வசனத்துக்கு முன்னால் ஐந்தாம் வசனமும் இருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிடும்போது அவன் இன்னும் மரத்தில் இருக்கிற ஆயக்காரன்தான். "கணக்கைத் தீர்த்துவிட்டு வா, பிறகு உன் வீட்டுக்கு வருகிறேன்" என்று இயேசு சொல்லவில்லை. இன்னொன்று: எண்ணாகமம் 5:7-ன்படி, தப்பிதத்தை அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும். இவன் நாலு மடங்கு என்கிறான். கட்டாயத்துக்குக் கொடுக்கிறவன் சட்டம் சொன்னதோடு நிறுத்தியிருப்பான்.

சும்மாஒருவன்:
நான் விசுவாசி இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் வசனம் தெரியும், அதனால் உள்ளே வரலாம் என்று நினைக்கிறேன்.

அதே லூக்கா 23-ம் அதிகாரத்தில் இன்னொரு ஆள் இருக்கிறான். சிலுவையில் தொங்கும் கள்ளன். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்." அவன் யாருக்கும் ஒரு காசு திருப்பித் தரவில்லை, தரவும் முடியாது. நீங்கள் இரண்டு பேரும் "இவன் எப்படி உள்ளே போனான்" என்பதையே பேசுகிறீர்கள். சகேயுவிடம் ஏமாந்தவனுக்கு நாலு மடங்காவது கிடைத்தது. கள்ளனிடம் பறிகொடுத்தவனுக்கு என்ன கிடைத்தது? அடிபட்டவன் ஒருவன், மன்னிக்கிறவர் வேறொருவர். இது எப்படி நியாயம்?

பெரோயாவாசி:
எல்லாப் பாவமும் கடைசியில் தேவனுக்கு விரோதமானது, அதனால் மன்னிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. தாவீது சங்கீதம் 51-ல் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று சொல்கிறான்.

சும்மாஒருவன்:
தாவீதின் படைவீரன் உரியாவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பான். அவன் மனைவியைத் தாவீது எடுத்துக்கொண்டு, அவனை மும்முரமான போர்முகத்தில் நிறுத்திச் சாகவிட்டு, அப்புறம் "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக" என்றால் செத்தவன் எங்கே போனான்?

மெழுகுத்திரி:
இது நல்ல கேள்வி, இதை நழுவவிடக் கூடாது. 2 சாமுவேல் 12-ஐ முழுசாகப் படியுங்கள். ஆண்டவர் உன் பாவத்தை நீக்கிவிட்டார், நீ சாகமாட்டாய் என்று இறைவாக்கினர் நாத்தான் தாவீதிடம் சொல்கிறார். ஆனால் அதே பேச்சில், வாள் உன் வீட்டை விட்டு விலகாது என்ற தீர்ப்பும் இருக்கிறது. குற்றம் மன்னிக்கப்பட்டது, விளைவு தங்கிவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபை ஒப்புரவு அருளடையாளத்தோடு பரிகாரத்தையும் வைத்திருப்பது இதனால்தான். திருடியவர் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத் திருடிய பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. திருப்பித் தர வழி இருந்தால் தந்தே ஆக வேண்டும். மத்தேயு 5:23, 24-ம் இதுதான்: உன் மேல் சகோதரருக்கு மனத்தாங்கல் இருந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவரிடம் போ. கள்ளனுக்கு வழியும் இல்லை, நேரமும் இல்லை.

பெரோயாவாசி:
தாவீதுக்கு நடந்தது சிட்சை. பாவத்துக்கு அவன் செலுத்திய மீதித் தொகை இல்லை. சிலுவையில் முழுதும் தீர்ந்த ஒன்றுக்கு மேல் பரிகாரம் என்று எதைச் சேர்த்தாலும் சிலுவை போதவில்லை என்று ஆகிவிடும்.

சும்மாஒருவன்:
தாவீதின் வீட்டில் முதலில் செத்தது அந்தக் கைக்குழந்தை. சிட்சை என்றாலும் பரிகாரம் என்றாலும் குழந்தைக்கு ஒன்றுதான். "பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும், குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை" என்பது எசேக்கியேல் 18:20, உங்கள் புத்தகம்தான். ஒருவன் செய்ததற்கு இன்னொருவரைத் தண்டிப்பது நீதி இல்லை என்றால், சிலுவை மட்டும் எப்படி நீதி ஆகும்?

கீழைக்காற்று:
நான் ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்தவள். இவ்வளவு நேரம் வாசித்ததில், மூன்று பேரும் ஒரே நீதிமன்றத்துக்குள் நின்று சண்டை போடுவதாகத்தான் தெரிகிறது. குற்றம், தண்டனை, தொகை, தீர்ப்பு.

325-ல் நிசேயாவில் தொடங்கி 787 வரை திருச்சபைத் தலைவர்களின் ஏழு பொதுச் சங்கங்கள் கூடின. கிறிஸ்து யார் என்பதை வார்த்தைக்கு வார்த்தை வரையறுத்தார்கள். சிலுவை எந்தக் கணக்குப்படி நம்மை மீட்கிறது என்று ஒரு சங்கமும் வரையறுக்கவில்லை. தேவனுடைய கனத்துக்கு மனிதன் பட்ட கடன், அதை ஈடுகட்ட தேவ மனிதன் என்ற விளக்கத்தை மேற்கத்திய இறையியலர் அன்செல்ம் எழுதியது 11-ம் நூற்றாண்டின் கடைசியில். நாலாம் நூற்றாண்டில் அலெக்சந்திரியா பிஷப் அத்தனாசியு சொன்னது வேறு: மனிதன் அழிவுக்குள் போய்க்கொண்டிருக்கிறான், ஜீவனாகிய அவரே மரணத்துக்குள் இறங்கி அதை உள்ளிருந்தே உடைத்தார், நாம் தேவனுடைய வாழ்வில் பங்குபெற அவர் மனிதரானார். 2 பேதுரு 1:4-ல் "திவ்விய சுபாவத்துக்குப் பங்குள்ளவர்கள்" என்று வருகிறதே, அதுதான் எங்களுக்கு இரட்சிப்பு. இது நோயாளி குணமாவது போல. மருத்துவர் வீட்டுக்கு வந்ததும் அதில் சேர்த்தி, நோயாளி எழுந்து நடப்பதும் சேர்த்தி. எந்த நிமிஷம் என்று கேட்டால் பதில் இல்லை.

சும்மாஒருவன், உங்கள் எசேக்கியேல் கேள்வி, பிதா குமாரனைத் தண்டித்துக் கோபம் தீர்ந்தார் என்ற விளக்கத்தைத் தாக்கும். எங்களை அவ்வளவாகத் தாக்காது.

பெரோயாவாசி:
அக்கா, நீதிமன்ற மொழி மேற்கத்தியர் கண்டுபிடித்தது இல்லை. ஏசாயா 53:5 "நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு" என்கிறது. ரோமர் 3:26-ல் தேவன் தாமும் நீதியுள்ளவராய், விசுவாசிக்கிறவனையும் நீதிமானாக்குகிறவராய் விளங்க என்று பவுல் எழுதுகிறார். அது தீர்ப்பு மொழி இல்லாமல் வேறென்ன?

எசேக்கியேலுக்குப் பதில்: அங்கே பேசுவது, ஒருவன் சம்மதமில்லாமல் இன்னொருவன் பாவத்தை அவன் தலையில் கட்டுவதைப் பற்றி. சிலுவையில் மூன்றாவது ஆள் யாரும் இழுத்துவரப்படவில்லை. யோவான் 10:18-ல் "நானே அதைக் கொடுக்கிறேன்" என்கிறார். 2 கொரிந்தியர் 5:19-ல் தேவனே கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தை ஒப்புரவாக்குகிறார். நியாயாதிபதியே இறங்கி வந்து சுமந்தார் என்றால், அப்பாவி ஒருவரைப் பிடித்துத் தண்டித்தார் என்று சொல்ல முடியாது.

சும்மாஒருவன்:
தானே முன்வந்தார் என்பதால் அது அன்பு ஆகலாம், பெரிய அன்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீதி எப்படி ஆகும்? கொலைக்காரனுக்குப் பதில் நானே தூக்கில் தொங்குகிறேன் என்று நீதிபதி சொன்னாலும் எந்த நாட்டுச் சட்டமும் ஒத்துக்கொள்ளாது. 16-ம் நூற்றாண்டிலேயே சோசினு என்ற இறையியலர் இதைக் கேட்டுவிட்டார்.

மெழுகுத்திரி:
இடையில் ஒன்று. கத்தோலிக்கரான எங்களைப் பற்றி "செயலால் மீட்பை வாங்குகிறவர்கள்" என்ற பேச்சு இந்தத் திரியிலும் மெல்லத் தலைகாட்டுகிறது. 1547 ஜனவரியில் எங்கள் திருச்சபையின் திரெந்துச் சங்கம் இந்த விஷயத்தில் வெளியிட்ட விதிகளில் முதல் விதியே, கிறிஸ்து வழி வரும் அருள் இல்லாமல் தன் செயல்களால் ஒருவர் ஏற்புடையவர் ஆகலாம் என்பவரைச் சபிக்கிறது. அதற்கு ஆயிரம் வருஷம் முன்பே, மனித முயற்சி போதும் என்று பேசிய பெலாஜியுவை 418-ல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது. 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் நாங்களும் கையெழுத்துப் போட்ட கூட்டறிக்கையில், நம் பக்கத்துத் தகுதி எதனாலும் இல்லாமல் அருளால் மட்டுமே ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்று சேர்ந்து சொன்னோம். சண்டை அருளைப் பற்றி இல்லை. அந்த அருள் உள்ளே வந்து என்ன செய்கிறது என்பதைப் பற்றி.

பெரோயாவாசி:
அந்த அறிக்கையை எல்லா லூத்தரன் சபைகளும் ஏற்கவில்லை. திரெந்தின் ஒன்பதாம் விதி, விசுவாசத்தினால் மட்டும் என்கிறவனையும் சபிக்கிறது, அதையும் சொல்லுங்கள். ஆனால் கடைசி வரி சரி. நீங்கள் நீதி எங்களுக்குள் ஊற்றப்படுகிறது என்கிறீர்கள், நாங்கள் கிறிஸ்துவின் நீதி எங்கள் கணக்கில் எண்ணப்படுகிறது என்கிறோம்.

புதுவரவு:
சின்னக் கேள்வி, தப்பாக நினைக்க வேண்டாம். அடுத்த மாசம் சகேயு மறுபடியும் ஆயத்துறையில் உட்கார்ந்து பழையபடி பிடுங்க ஆரம்பித்தால்?

மெழுகுத்திரி:
சாவான பாவம். அருள்நிலையை இழந்துவிட்டார். மனம் திரும்பி ஒப்புரவாகத் திரும்பவும் வழி உண்டு.

பெரோயாவாசி:
எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. 1618, 19-ல் கூடிய, கால்வின் வழிச் சபைகளின் டார்ட் சங்கத்தின் வழியில் நிற்கிற நான், தேவன் பிடித்தவனை விடமாட்டார் என்பேன். யோவான் 10:28. விழுவான், ஆனால் ஒரேயடியாய் விழுந்து கிடக்கமாட்டான். கடைசிவரை திரும்பவே இல்லை என்றால் ஆரம்பத்திலேயே அவன் இரட்சிக்கப்படவில்லை, 1 யோவான் 2:19. அர்மீனியு வழியிலும் வெஸ்லி வழியிலும் வருகிற சகோதரர்கள் இழக்க முடியும் என்பார்கள்.

சும்மாஒருவன்:
அப்படியானால் உங்கள் முறைப்படி ஒருவன் இரட்சிக்கப்பட்டானா என்பதை அவன் பிற்பாடு எப்படி நடந்தான் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். முதல் பதிவில் வாசலுக்கு வெளியே நிறுத்திய கிரியையை இப்போது நீங்களே உள்ளே கூப்பிட்டு சாட்சி சொல்ல வைக்கிறீர்கள்.

பெரோயாவாசி:
சாட்சியாக வரட்டும், யார் வேண்டாம் என்றது? விலையாக வரக் கூடாது என்றுதான் சொல்கிறேன். எபேசியர் 2:8, 9-க்கு அடுத்த 10-ம் வசனத்திலேயே நற்கிரியைகளுக்காகச் சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று வருகிறது. ஆனால் அந்தச் சாட்சியைப் பார்த்து அவன் நிலையைத் தீர்க்கிற வேலை தேவனுடையது, உங்களுடையதோ என்னுடையதோ இல்லை.

மெழுகுத்திரி:
அப்படியென்றால் எபிரேயர் 6:4 முதல் 6 வரை? ஒளி பெற்று, விண்ணகக் கொடையைச் சுவைத்து, தூய ஆவியில் பங்குபெற்று, பிறகு நெறி பிறழ்ந்தவர்கள். இவர்களையும் "ஆரம்பத்திலேயே இல்லை" என்பீர்களா? ருசி பார்த்தது எதை?

பெரோயாவாசி:
அதற்குத் தனித் திரி வேண்டும் சகோ, இங்கே போட்டால் சகேயு காணாமல் போய்விடுவான். தொடங்கிவிட்டு இணைப்பு போடுகிறேன்.

சும்மாஒருவன்:
போடுங்கள், வருகிறேன். உரியாவுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை, அதையும் அங்கே கொண்டுவருவேன்.