வெள்ளவத்தையில் பழைய வீட்டுக்கு மேல்மாடி: பிளான், மாநகரசபை அனுமதி, எதில் தொடங்குவது?

ஒழுங்கை_வீடு கேட்டது:

வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடல்பக்க ஒழுங்கை ஒன்றில் 6.5 பேர்ச் காணி. 1970களில் கட்டிய ஒருமாடி வீடு, 9 அங்குலச் செங்கல் சுவர், அஸ்பெஸ்டஸ் கூரை, தரைப்பரப்பு ஏறக்குறைய 1,100 சதுர அடி. மேலே இரண்டு அறையும் ஒரு குளியலறையும் வேண்டும். கீழே சமையலறையைப் பின்பக்கம் 5 அடி நீட்ட (அகலம் 14 அடி) யோசனை. பின்மதில் வரை இப்போது 9 அடி வெறும் நிலம். முன் விறாந்தையை எப்போதோ அடைத்து அறையாக்கியிருக்கிறது.

உறுதியும் நில அளவைப் படமும் இருக்கு, பழைய அனுமதிப் பிளான் இல்லை. "கூரையைக் கழற்றி ஸ்லாப் (கொங்கிரீட் தளம்) போடுறதுதானே, பிளானைப் பிறகு பார்க்கலாம்" என்கிறார் கட்டட வேலை செய்யும் பாஸ். படவரைஞர் ஒருவர் முப்பரிமாணப் படமும் விலையும் அனுப்பியிருக்கிறார். அனுமதி கட்டாயமா? பழைய சுவர் மேல்மாடியைத் தாங்குமா? யாரை முதலில் பிடிப்பது?

வரைபடப்பலகை:

அனுமதி கட்டாயம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழ் இது அபிவிருத்தி வேலை. அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொடங்கினால் நீதவான் நீதிமன்றத்தில் இடிப்புக் கட்டளை வாங்க அந்த அதிகார சபைக்கு வழி உண்டு. கொழும்பு மாநகரப் பரப்புக்குள் என்பதால் விண்ணப்பம் டவுன் ஹோலுக்கு, அதாவது மாநகரசபைத் தலைமையகத்துக்கு, போகும்.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 6.5 பேர்ச் என்றால் 164 சதுர மீற்றர், அதாவது 1,770 சதுர அடி. குடியிருப்புக்கு வழமையான மூடுபரப்பு (காணியில் கட்டடம் மூடக்கூடிய பங்கு) 65 சதவீதம், அது 1,150 சதுர அடியில் நிற்கும். இப்போதே 1,100 இருக்கு. சமையலறை நீட்டல் 70 சதுர அடியைச் சேர்த்தால் எல்லை தாண்டுது. பின்வெளியிலும் சிக்கல். இரண்டு மாடி அளவுக் கட்டடத்துக்குப் பின்னால் 2.3 மீற்றர், ஏழரை அடி, திறந்து விடவேண்டும். உயரம் கூடினால் 3 மீற்றர். உங்களிடம் உள்ளது 9 அடி. அதனால் ஒன்றரை அடிக்கு மேல் நீட்ட முடியாது. அந்த முப்பரிமாணப் படத்தில் சமையலறை 5 அடி நீண்டிருந்தால், அதை வரைந்தவர் மதிலை அளக்கவே இல்லை.

ஆகவே முதல் வேலை படம் வரைவது அல்ல, ஸ்ட்ரீட் லைன் சான்றிதழ் எடுப்பது. ஒழுங்கை எவ்வளவு அகலிக்க வேண்டும், உங்கள் காணியில் எத்தனை அடி போகும், கட்டடக் கோடு (வீதிப்பக்கம் இதைத் தாண்டிக் கட்டக்கூடாது என்ற எல்லை) எங்கே என்பது அதில்தான் தெரியும். உங்கள் விறாந்தை அறை அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றால் பேச்சு முழுக்க மாறிவிடும். கூடவே வரி மதிப்பீட்டு இலக்கத்தைக் கொடுத்து, பழைய அனுமதிப் பிளானின் பிரதி மாநகரசபையில் கிடைக்கிறதா என்று தேடிப்பாருங்கள். அது கிடைத்தால் பாதி வாக்குவாதம் குறையும்.

அடுத்தது உள்ளதை உள்ளபடி அளந்த படம். அறைகள், சுவர்த் தடிப்பு, கதவு யன்னல், வடிகால், மேன்ஹோல், மதில் எல்லாம் 1:100 அளவில். இந்தப் படத்தை நில அளவைப் படத்தோடு ஒப்பிட்டால் எல்லை அளவு அரை அடி, ஒரு அடி மாறியிருப்பது பழைய காணிகளில் சாதாரணம். மாறியிருந்தால் நில அளவையாளரைக் கூப்பிட்டு எல்லையை முதலில் சரிசெய்யுங்கள். விண்ணப்பம் போட்ட பிறகு கண்டுபிடித்தால் எல்லாப் பிரதிகளும் திரும்பி வரும்.

கம்பிக்கட்டு:

சுவர் தாங்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். அஸ்பெஸ்டஸும் மரமும் சேர்த்துச் சதுர மீற்றருக்கு முப்பது கிலோ அளவு. 5 அங்குல ஸ்லாப் மட்டும் 300 கிலோ, தரைப்பூச்சும் தரை ஓடும் 100, ஆட்களும் தளபாடமும் 150, மொத்தம் 550. 12 அடி அகல அறையில் அதில் பாதி ஒரு சுவருக்கு வரும்: மீற்றர் நீளத்துக்கு 1 டன். மேலே 4 அங்குல புளொக் சுவர் 650 கிலோ, புதுக் கூரை 150, இப்போதுள்ள சுவர் 1,400, கல் அத்திவாரத்தின் எடை 800. ஆக மீற்றர் நீளத்துக்கு 4 டன். அத்திவாரம் 2 அடி அகலமென்றால் மண்ணுக்குச் சதுர மீற்றருக்கு 6.5 டன் சொச்சம். நடுச்சுவருக்கு இரண்டு பக்கமும் ஸ்லாப் வருவதால் 8 டன் தாண்டும்.

நல்ல மணலோ கபுக் மண்ணோ (இறுகிய செம்புறை மண்) இதைத் தாங்கும். நிரப்பிய நிலமும் வாய்க்கால் பக்கத்துக் கரிச்சேறும் தாங்காது. ஆகவே இரண்டு மூன்று இடத்தில் 3 அடிச் சதுரக் குழி தோண்டி, அத்திவாரத்தின் அடியைக் கண்ணால் பார்க்கவேண்டும். வெளிச்சுவர் ஒன்று, நடுச்சுவர் ஒன்று, குளியலறைப் பக்கம் ஒன்று. அகலம், ஆழம், கல் சுண்ணாம்பிலா சீமெந்திலா கட்டியது என்று எழுதிவையுங்கள். ஒரு நாள் வேலை. இதைச் செய்யாமல் "தாங்கும்" என்பவரை நம்பாதீர்கள், அவர் பொறியியலாளராக இருந்தாலும்.

9 அங்குலச் சுவர் எடையைத் தாங்காமல் உடைவது அரிது. வெடிப்பு வருவது வேறு காரணங்களால். கதவு யன்னலுக்கு மேல் லின்டல் (திறப்பின் மேல் சுவரைத் தாங்கும் கொங்கிரீட் உத்தரம்) தொடர்ச்சியாக ஓடாமல் துண்டு துண்டாக இருந்தால் மூலையில் சாய்வாகக் கீறும். ஒரு பக்கம் பழைய சுவரிலும் மறுபக்கம் புதுத் தூணிலும் ஸ்லாப்பை உட்கார வைத்தால் புதுப்பக்கம் முதல் இரண்டு மழைக்காலத்தில் அமரும், பழையது அமராது, நடுவில் கோடு விழும். ஒன்றில் முழுவதும் தூணும் பீமும் போட்டு மேல்மாடியைத் தனியாகச் சுமக்க வையுங்கள், அல்லது முழுவதும் பழைய சுவரில், மேலே வளையமாக ஒரு பீம் ஓட்டி, வையுங்கள். அரைக்கு அரை வேண்டாம். சமையலறை நீட்டல் தனி அத்திவாரம் என்பதால் பழைய சுவரோடு ஒட்டாமல் அரை அங்குல இடைவெளி விட்டு நெகிழும் பூச்சால் அடையுங்கள்.

கடல் கிட்ட என்பதால் வெளித்தூண்களில் கம்பிக்கு மேல் 40 மில்லிமீற்றர் கொங்கிரீட் மூடி வேண்டும். "மூன்றாம் மாடிக்கு உதவும்" என்று மொட்டைமாடியில் கம்பி நீட்டி விடும் பழக்கம் நம்ம ஊரில் தீராத வியாதி. அந்தக் கம்பி துருவேறித் தூணுக்குள் இறங்கும்.

ஒழுங்கை_வீடு:

நன்றி. கணக்கைப் பார்த்ததும் சமையலறை நீட்டலை விட்டுவிட்டோம். விறாந்தை அறைதான் பயம். அதைக் காட்டாமல் மேல்மாடிக்கு மட்டும் விண்ணப்பித்தால்?

டவுன்ஹோல்_வரிசை:

காட்டாமல் விடுவதுதான் மிக அதிகம் நடக்கிற பிழை. பரிசோதகர் இடத்துக்கு வந்து உள்ளதைப் படத்தோடு ஒப்பிடுவார். காட்டாத அறையைக் கண்டால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். நேர்மையாகக் காட்டி, அது விதிக்குள் அடங்கினால் கவரிங் அப்ரூவல் (கட்டிய பிறகு பெறும் அனுமதி) கேளுங்கள், கட்டணம் கூடக் கட்ட வேண்டிவரும். கட்டடக் கோட்டைத் தாண்டி நின்றால் கவரிங் கிடைக்காது. அப்போது அடைத்த சுவரை இடித்துத் திரும்ப விறாந்தையாக்கும் பகுதியை அதே பிளானில் மஞ்சளில் காட்டிவிடுங்கள். புதிது சிவப்பு, இடிப்பது மஞ்சள் என்பது இங்கே வரைபவர்களின் வழக்கம்.

விறாந்தை அறையால் இன்னொரு தலையிடி: வாகனத் தரிப்பிடம். 2.4 க்கு 4.8 மீற்றர், 8 அடிக்கு 16 அடி, காணிக்குள் காட்டச் சொல்வார்கள். அடைத்த அறை அந்த இடத்தைத் தின்றிருந்தால் இடிக்க அதுவே போதிய காரணம்.

எல்லையில் நிற்கும் சுவரில் யன்னல் கேட்காதீர்கள். மேல்மாடி அறைகளுக்கு வெளிச்சம் முன்னாலும் பின்வெளியிலும் இருந்துதான் வரவேண்டும், இல்லையேல் நடுவில் வெளிச்சக் கிணறு (மேலே திறந்த சிறு முற்றம்). பக்கத்து வீட்டாரின் முறைப்பாட்டுக் கடிதம் பெரும்பாலும் யன்னலில்தான் தொடங்கும்.

மேல் குளியலறையைக் கீழ்க் குளியலறைக்கு நேர்மேலே வையுங்கள். 4 அங்குல மலக்குழாய்க்கு 40க்கு 1 சாய்வு, திரும்பும் இடமெல்லாம் மேன்ஹோல். கொழும்பின் கழிவுக்குழாய் வலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போடப்பட்டது, காணிக்குள் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாராமல் தூண் தோண்டி உடைத்தால் திருத்தும் செலவு உங்கள் தலையில். நீர்த்தடைப் பூச்சுக்குப் பிறகு 48 மணிநேரம் தண்ணீர் தேக்கி, கீழ்க்கூரையில் ஈரம் இல்லை என்று பார்த்த பின்தான் ஓடு பதிக்கவேண்டும்.

வரைபடப்பலகை:

யாரைப் பிடிப்பது என்பது விடுபட்டுவிட்டது. பட்டயக் கட்டடக்கலைஞரோ தகுதியுள்ள படவரைஞரோ, பிளானில் கையெழுத்திடத் தகுதியுள்ளவரா என்று முதலில் கேளுங்கள். யாரோ வரைய, வேறொருவர் கையெழுத்து விற்கும் ஏற்பாடு என்றால் திருத்தம் வரும்போது இருவருமே தொலைபேசி எடுக்கமாட்டார்கள். கட்டமைப்புக்குத் தனிப் பொறியியலாளர் அவசியம்.

விலைக்கடிதத்தில் என்னென்ன அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்: உள்ளதை அளந்த படம், அனுமதிப் படம், வடிகால் படம், கம்பி விபரப் படம், பி.ஓ.கியூ (வேலை, பொருள் அளவுப் பட்டியல்), சபை கேட்கும் திருத்தங்கள் அனுமதி வரும்வரை, கடைசியில் இணக்கச் சான்றிதழுக்கான (அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்ற சான்று) வேலை. கடைசி இரண்டும்தான் வழமையாக விடுபடும். பணத்தைத் துண்டாக்குங்கள், என் கணிப்பில் அளந்த படத்துக்கு 30 சதவீதம், விண்ணப்பிக்கும்போது 30, அனுமதி கையில் வந்ததும் 30, மிச்சம் 10 இணக்கச் சான்றிதழுக்கு. அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் பின்னால் விற்கும்போதும் வங்கிக்கடன் கேட்கும்போதும் சிக்கும்.

கட்டும்போது பாஸ் ஒரு யன்னலைத் தள்ளினாலும் படியைத் திருப்பினாலும் திருத்திய படம் போட்டுவிடுங்கள், முடிந்த பிறகு விளக்கம் சொல்ல முடியாது. அனுமதிப்பத்திரம் ஒரு வருடத்துக்கு, பிறகு நீடிக்கலாம். ஆனால் கூரை கழற்றும் நாளைப் பத்திரம் தீர்மானிக்கக் கூடாது, மழை தீர்மானிக்கவேண்டும். கொழும்பில் ஒக்டோபர், நவம்பரிலும் மே மாதத்திலும் திறந்த வீட்டை வைத்திருக்க முடியாது. ஜனவரி தொடக்கத்தில் கழற்றினால் மார்ச் நடுவுக்குள் ஸ்லாப் போட்டு ஊற வைக்கலாம். அதற்கு ஜூலையிலேயே ஸ்ட்ரீட் லைன் விண்ணப்பம் போயிருக்கவேண்டும்.

கம்பிக்கட்டு:

கூரை கழற்றும் ஆட்களுக்கு ஒன்று சொல்லிவிடுங்கள்: அஸ்பெஸ்டஸை நனைத்து, ஆணியைக் கழற்றி, தகட்டை முழுதாக இறக்கவேண்டும். உடைக்கவோ கிரைண்டரால் வெட்டவோ வேண்டாம், அந்தத் தூள் நுரையீரலுக்குள் போகும்.