எலி மூளை மயிர்க்குழாயில் சோடியம்-பொற்றாசியம் ஏ.ரி.பி.யேஸ்: ஊவாபெயின் போட்டும் படிவு போகவில்லை, உதவி தேவை

கேள்வி (நுவரெலியா)

வணக்கம். குருதி-மூளைத் தடையில் சோடியம்-பொற்றாசியம் ஏ.ரி.பி.யேஸ் (சோடியத்தைக் கலத்துக்கு வெளியேயும் பொற்றாசியத்தை உள்ளேயும் தள்ளும் நொதியம்) மயிர்க்குழாய்ச் சுவரிலுள்ள எண்டோதீலியக் கலத்தின் இரத்தப் பக்கத்திலா, மூளைப் பக்கத்திலா இருக்கிறது என்று பார்க்கிறோம். பிக்ஸ் பண்ண (இழையம் கெடாமல் இறுக்கிவைக்க) எலிக்கு இதயம் வழியாக 4% பரபோமல்டிகைட்டும் 1% குளுற்றரல்டிகைட்டும், பொஸ்பேற் தாங்கலில். மூளையை எடுத்து அதே கரைசலில் இரவு முழுக்க 4 பாகையில் வைத்தோம். வைப்ரற்றோமில் 50 மைக்ரோன் சீவல். பிறகு பரா-நைற்றோபீனைல் பொஸ்பேற்றும் (நொதியம் உடைக்கும் பொருள்) ஈய சிற்றேற்றும் (விடுபடும் பொஸ்பேற்றைப் படிவாகப் பிடிக்க) உள்ள கரைசலில், பி.எச். 9, பெஞ்சில் 30 நிமிடம்.

இலத்திரன் நுணுக்குக்காட்டியில் கரும்படிவு இரண்டு பக்கமும் தெரிகிறது. இந்த நொதியத்தைத் தடுக்கும் ஊவாபெயினை 10 மில்லிமோலர் போட்ட சீவலிலும் அதே அளவு. சீவலின் மேலே வெள்ளைத் தூளும் படிகிறது. ஊவாபெயின் கெட்டுப்போனதா?

பதில் (பேராதனை)

கரைசலில் லீவமிசோல் (கார பொஸ்பற்றேஸ் என்ற வேறொரு நொதியத்தைத் தடுப்பது) போட்டீங்களா? உங்கள் பட்டியலில் காணோம். மூளை மயிர்க்குழாயில் கார பொஸ்பற்றேஸ் நிறைய, இரத்தப் பக்கத்திலும் மூளைப் பக்கத்திலும். பி.எச். 9இல் அதுவும் நைற்றோபீனைல் பொஸ்பேற்றை உடைக்கும், ஊவாபெயினுக்கு அசையாது. குளுற்றரல்டிகைட்டில் இரவு முழுக்கக் கிடந்த இழையத்தில் ஏ.ரி.பி.யேஸ் பெரும்பாலும் செத்திருக்கும், கார பொஸ்பற்றேஸ் அதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். நீங்கள் காண்பது தேடிய நொதியம் இல்லை, பிக்ஸேஷனில் பிழைத்த நொதியம் என்றுதான் நினைக்கிறேன்.

2.5 மில்லிமோலர் லீவமிசோல் போட்டு ஒரு சீவலை ஓட்டுங்க. படிவு அநேகமாக மறைந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது.

ஊவாபெயினையும் கவனியுங்க. எலியின் ஆல்பா-1 வடிவம் அதற்கு இலேசில் மசியாது, அதனால்தான் 10 மில்லிமோலர். அதாவது மி.லீ.க்கு சுமார் 7.3 மி.கிராம், குளிர்ந்த நீரில் கரைதிறனின் எல்லைக்குக் கிட்ட. சூடாக்கிக் கரைத்து, சீவல் போடும்வரை இளஞ்சூட்டிலேயே வைத்திருங்க. அடியில் ஊசிப் பளிங்கு தெரிந்தால் உங்கள் கட்டுப்பாடு (நொதியத்தைத் தடுத்து ஒப்பிடும் சீவல்) கட்டுப்பாடே இல்லை.

பதில் (பதுளை)

அக்கா சொன்னது சரி. வெள்ளைத் தூளுக்கு இரண்டு காரணம் இருக்கலாம். பொஸ்பேற் தாங்கலைச் சரியாகக் கழுவாவிட்டால் ஈயத்தோடு சேர்ந்து ஈய பொஸ்பேற்றாக விழும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு ஈய காபனேற்றைத் தரும். நீரைக் கொதிக்க வைத்து மூடி ஆறவிட்டுப் பயன்படுத்துங்க. பிக்ஸ் பண்ணும் தாங்கலையே 0.1 மோலர் கக்கோடிலேற்றுக்கு மாற்றினால் முதல் தொல்லை ஒழியும் (ஆசனிக்கு உள்ளது, கையுறை கட்டாயம், கழிவைச் சிங்க்கில் ஊற்றக்கூடாது).

அடுத்தது பெஞ்ச். நுவரெலியாவில் காலையில் அறை 14, 15 பாகைதான் இருக்கும். நொதிய வேகம் பத்துப் பாகைக்கு ஏறக்குறைய இரு மடங்கு மாறும், ஆகவே 25 பாகையில் 30 நிமிடம் என்று எழுதிய முறை அங்கே அரைவாசி வேலைதான் செய்யும். நீர்த்தொட்டி வையுங்க. அதே குளிரில் பழைய போர்மலின் போத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும். அப்படிப்பட்டதை எடுக்காமல் பரபோமல்டிகைட் தூளில் அன்றன்றே தயாரியுங்க. 60 பாகை நீர், தெளியும்வரை ஒரு மோலர் சோடியம் ஐதரொட்சைட்டு சில துளி, ஆறியதும் வடிகட்டி பி.எச். 7.4.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. லீவமிசோல் போட்டதும் படிவு அநேகமாகப் போய்விட்டது. இப்போது எதுவுமே தெரியவில்லை! குளுற்றரல்டிகைட்டை அடியோடு விட்டால் மென்சவ்வு கிழிந்து தெரிகிறது. என்ன செய்வது?

பதில் (பேராதனை)

அடியோடு விட வேண்டாம். முதலில் ஹெப்பாரின் சேலைன், இரத்தம் தெளியும்வரை. பிறகு 2% பரபோமல்டிகைட், 0.25% குளுற்றரல்டிகைட், பத்து நிமிடம். புவியீர்ப்பில் விடுவதானால் போத்தல் எலிக்கு மேலே சுமார் 136 சென்ரிமீற்றர், அது 100 மில்லிமீற்றர் இரசம். இரவு ஊறல் வேண்டாம், எடுத்தவுடன் குளிர்ந்த தாங்கலில் கழுவிச் சீவுங்க. நொதிய வேலை முடிந்த பிறகு 2% குளுற்றரல்டிகைட்டில் மறுபடி பிக்ஸ் பண்ணி ஒஸ்மியத்துக்கு (மென்சவ்வை நுணுக்குக்காட்டியில் தெரியவைக்கும் கட்டம்) போங்க. அமைப்பைக் காக்கும் கடினமான வேலையை அந்தக் கட்டத்துக்குத் தள்ளிவிடலாம்.

ஊடகத்தில் பொற்றாசியம் இருக்கட்டும், அதோடு பொற்றாசியம் இல்லாத ஒரு கட்டுப்பாடும். நொதியம் உடைக்கும் பொருளாக ஏ.ரி.பி.யையே எடுக்காதீங்க, ஈயம் நொதியமே இல்லாமல் அதை உடைக்கும்.

பதில் (பதுளை)

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பெற்ஸ், பேர்த், கோல்ட்ஸ்ரீன் 1980இல் காட்டியதுபோல இந்த நொதியம் பெரும்பாலும் மூளைப் பக்கத்தில். ஆனால் இரத்தப் பக்கத்தில் தெரிவதும் மறைவதும் பிக்ஸேஷனோடு மாறுகிறது. ஒரே கலவையில் "அங்கே இல்லை" என்று எழுதுவது தவறு. குளுற்றரல்டிகைட் 0, 0.1, 0.25, 0.5 என்று நான்கு எலியில் போட்டுப் பாருங்க.

கூடவே ஒவ்வொரு மூளையிலும் பெருமூளைப் புறணியில் ஒரு துண்டை அரைத்து, பிக்ஸ் பண்ணாத துண்டோடு ஒப்பிட்டு, நைற்றோபீனோலின் மஞ்சளை 405 நானோமீற்றரில் அளவுங்க. ஊவாபெயினில் குறையும் பங்கு எவ்வளவு மிச்சம் என்று அந்த எண் சொல்லும். அது பூச்சியத்துக்குக் கிட்ட என்றால் அந்த மூளையை நுணுக்குக்காட்டிக்கு அனுப்பவே வேண்டாம்.