லேத்னி சாத்: புதுப்பித்தார்களா, கெடுத்தார்களா?

நெவாக்காற்று:
செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போகிறவர்களுக்கு எல்லாரும் லேத்னி சாத், அதாவது கோடைத் தோட்டத்தைச் சிபாரிசு செய்கிறார்கள். 2009ல் மூடி, 2012 மே மாதம் திறந்தார்களே, அதற்கு முன்னும் பின்னும் பார்த்தவன் நான். முன்பு லிண்டன் மர நிழலில் எங்கே உட்கார்ந்தாலும் நாலு சிலை கண்ணில் படும். இப்போது இரண்டு பக்கமும் ஆளுயரக் கிராதி, செடிவேலி. நடைபாதை அல்ல, நடைகூண்டு. சிலைகளும் பளிங்குத்தூளில் வார்த்த நகல்கள்.

பச்சைத்தவளை:
நகல் ஏன் என்பதையும் சொல்லுங்கள் அண்ணே. இத்தாலியப் பளிங்குக்கு அந்த ஊர்க் குளிர் ஆகாது. விரிசலில் இறங்கிய தண்ணீர் உறைந்தால் கல்லையே பிளந்துவிடும். அதனால்தான் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு சிலையையும் மரப்பெட்டி போட்டு மூடிவந்தார்கள். 1941ல் இரண்டாம் உலகப்போரின்போது அதே தோட்டத்து மண்ணில் புதைத்துக் காப்பாற்றிய சிலைகள் அவை. இனியும் மழையில் நிற்கவைப்பதா? அசல்கள் பக்கத்திலேயே மிகைலோவ்ஸ்கி கோட்டைக்குள் இருக்கின்றன. மூலவர் உள்ளே, உற்சவர் வெளியே. நமக்குப் புரியாத ஏற்பாடா இது?

நெவாக்காற்று:
நம் உற்சவர் பஞ்சலோகம் தம்பி, பளிங்குத்தூள் இல்லை. சரி, சிலையை விட்டுவிடுகிறேன். நீரூற்றுகள்? 1777 வெள்ளத்தில் அழிந்தவை. அதற்கப்புறம் 200 வருஷத்துக்கு மேல் அவை இல்லாமல்தான் அந்தத் தோட்டம் இருந்தது. ஊர்க்காரர்களின் தாத்தா பாட்டிக்குத் தெரிந்த தோட்டமும் அதுதான்.

பச்சைத்தவளை:
1704ல் ரஷ்ய மன்னர் முதலாம் பீட்டர் தொடங்கியபோது அவர் ஆசைப்பட்டதே நீரூற்றுத் தோட்டம். பக்கத்தில் ஓடும் ஆற்றுக்கு ஃபொந்தான்கா என்று பேர் வந்ததே அந்த நீரூற்றுகளால். பேர் மட்டும் இருக்கலாம், தண்ணீர் திரும்ப வரக்கூடாதா?

நெவாக்காற்று:
பீட்டர் காலம்தான் கணக்கு என்றால், நெவா ஆற்றுப் பக்கத்து இரும்பு வேலியையும் 36 கிரானைட் தூண்களையும் பெயர்த்தெடுக்க வேண்டுமே? அது பிறகு வந்த ராணி இரண்டாம் கேத்தரின் காலத்து வேலை. 1855ல் சிற்பி க்ளோட் செய்த க்ரிலோவ் சிலையும் போகட்டும். நீதிக்கதை எழுதியவர் உட்கார்ந்திருக்க, பீடத்தைச் சுற்றிக் குரங்கு, கரடி, கழுதை, ஆடு என்று வாத்தியக்கோஷ்டி. குழந்தைகள் மொய்க்கும் இடமே அதுதான். அதில் யாரும் கைவைக்கவில்லை. வேலி ஒரு காலம், ஊற்று ஒரு காலம், சிலை நேற்று வார்த்தது. இதற்குப் பேர் மீட்டெடுப்பா?

திண்ணைவாசி:
இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எதிரே மார்ஸ் மைதானம். ஒரு காலத்தில் புழுதி பறக்கும் அணிவகுப்புத் திடல், ‘பீட்டர்ஸ்பர்க் சஹாரா’ என்றே கிண்டல் செய்வார்கள். 1917 புரட்சியில் இறந்தவர்களை அங்கே அடக்கம் செய்தார்கள், பிறகு அது தோட்டமானது. 1957ல் அணையாவிளக்கும் வந்தது. ஜூன் தொடக்கத்தில் லைலாக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். வாசம் தெருமுனையிலேயே பிடித்துக்கொள்ளும். அதைப் பழையபடி புழுதித் திடலாக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

பச்சைத்தவளை:
இது என் பக்கமா, அவர் பக்கமா?

திண்ணைவாசி:
லைலாக் பக்கம்.

நெவாக்காற்று:
அங்கே கிராதி கிடையாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.